நாலு பிள்ளை மரம்

இரண்டாம் வகுப்புக்கு வரைபடம் சொல்லிக்கொடுக்கிற வேலை ஒரு பல்லியில்தான் தொடங்கும். பள்ளி திறந்த மூன்றாவது வாரம், முதல் பீரியட். டீச்சர் கூரையைக் காட்டுவார். அங்கே ஒரு பல்லி இருப்பதாக வைத்துக்கொண்டால், அது குனிந்து பார்க்கும்போது நம் மூஞ்சி தெரியுமா தெரியாதா என்று கேட்பார். பாதி வகுப்பு தெரியும் என்று கத்தும், மீதி வகுப்பு தெரியாது என்று கத்தும். பிறகு ஒவ்வொரு பிள்ளையாக நாற்காலிமேல் ஏறி, கீழே உட்கார்ந்திருக்கும் டீச்சரின் உச்சந்தலையைப் பார்த்துவிட்டு, மூக்கும் இல்லை வாயும் இல்லை, வெறும் வட்டம்தான் என்று ஏமாற்றத்தோடு ஒப்புக்கொள்ளும். அன்று சாயங்காலத்துக்குள் வகுப்பின் முதல் வரைபடம் தயார். முப்பது சின்ன வட்டம், பதினைந்து செவ்வகம், கரும்பலகைப் பக்கம் ஒரு பெரிய வட்டம். பெரிய வட்டம் டீச்சர். எப்படியும் ஒரு பிள்ளை தாளின் ஓரத்தில் பல்லியின் வாலையும் வரைந்து வைத்திருக்கும். வால் இல்லாத வருஷம் ஒன்றுகூடக் கிடையாது என்று டீச்சர் அடித்துச் சொல்வார்.

ஊரில் அவருக்குப் பெயர் தப்படி டீச்சர். வரைபடம் என்றால் அளவு வேண்டுமே. ஏழு வயசுப் பிள்ளைக்கு மீட்டரும் கிலோமீட்டரும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுகிற சமாசாரம். அதனால் ஒவ்வொரு வருஷமும் சீட்டுக் குலுக்கிப் போட்டு ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுப்பார். அதுதான் அந்த வருஷத்து அளவுப் பிள்ளை. ஓடாமல், குதிக்காமல் அது எடுத்துவைக்கிற தப்படிதான் அந்த வருஷத்து வரைபடத்துக்கு அளவு. பள்ளித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து காட்டோரத்து எல்லைக்கல் வரை அந்தப் பிள்ளை நடக்கும். மற்றவர்கள் பின்னாலேயே எண்ணிக்கொண்டு போவார்கள். இருநூறு தப்படி என்று வந்தால் அந்த எண்ணைத் தாளின் அடியில் எழுதி, பக்கத்தில் பிள்ளையின் பாதத்தைப் பச்சைச் சாயத்தில் தோய்த்து ஒரு அச்சு வைப்பார்கள். தொட்டியும் நகராது, கல்லும் நகராது. எந்த வருஷத்துப் பிள்ளை குட்டைக்கால், எது நெட்டைக்கால் என்பதை அந்த எண்ணை வைத்தே சொல்லிவிடலாம். மற்ற டீச்சர்கள் இதை விளையாட்டு என்றுதான் நினைத்தார்கள். வரைபட ஆபீஸில் ஆறு வருஷம் முதுகு ஒடிய வேலை பார்த்தவர் விளையாட்டுக்குக்கூட அளவில்லாமல் ஒரு கோடு போடமாட்டார் என்பது அவர்களுக்கு எங்கே தெரியும்.

அடுத்த பாடம், அசைகிறதைக் குறிக்கக்கூடாது என்பது. ஒரு வருஷம் ஒரு பிள்ளை, காட்டுக்குப் போகிற வழியில் "ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் திரும்பு" என்று அழகாக அம்புக்குறி போட்டிருந்தது. அது தலைமையாசிரியையின் ஸ்கூட்டர். மறுநாள் அவர் விடுப்பு. அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பு முழுக்க மைதானத்தில் திருதிருவென்று முழித்துக்கொண்டு நின்றது. டீச்சர் வேண்டுமென்றே பத்து நிமிஷம் வாயைத் திறக்கவில்லை. அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அப்புறம்தான் காடு. பள்ளியின் பின்சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் புல்வெளி, எல்லைக்கல், அதற்குப் பின்னால் மரங்கள். பெரிய காடு என்று சொல்ல முடியாது. பெரியவர்கள் குறுக்கே நடந்தால் அரைமணி நேரத்தில் அந்தப் பக்கத்துச் சாலைச் சத்தம் கேட்டுவிடும். ஆனால் ஏழு வயசுக்கு அது உலகத்திலேயே பெரிய இடம். முப்பது முடிச்சுப் போட்ட ஒரு நீளக் கயிறு, முடிச்சுக்கு ஒரு பிள்ளை. உள்ளே போனதும் இரண்டு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. அந்த இரண்டு நிமிஷத்தில் காதில் விழுந்ததையெல்லாம் விரல்விட்டு எண்ணவேண்டும். மரங்கொத்தி, இலை விழுகிற சத்தம், பக்கத்துப் பிள்ளையின் வயிறு. பிறகு அண்ணாந்து பார்த்து உயரமான மரங்கள், நடுத்தரம், புதர், தரை என்று காட்டின் நாலு மாடியையும் சொல்லவேண்டும். மரங்களுக்குப் பெயர் வைப்பது பிள்ளைகளின் உரிமை. தாத்தாமுடி மரம், சிரங்கு மரம், வழுக்கு மரம். நடுவில் இருக்கிற மிகப் பெரிய மரத்துக்கு முதல் வருஷத்துப் பிள்ளைகள் வைத்த பெயர்தான் நிலைத்தது. நாலு பேர் கைகோத்தால்தான் அதைச் சுற்றிவளைக்க முடியும். அதனால் நாலு பிள்ளை மரம்.

வகுப்புக்குத் திரும்பி வந்ததும் எல்லாரும் சேர்ந்து ஒரே பெரிய தாளில் வரைவார்கள். போன இடத்துக்குத்தான் வண்ணம். போகாத இடத்தை வெள்ளையாக விடவேண்டும். வெள்ளை என்றால் அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமில்லை, நாம் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம் என்று டீச்சர் வருஷா வருஷம் சொல்வார். யாராவது ஒரு பிள்ளை தான் பார்த்த மரத்தை வரைய மறந்துவிட்டு விசும்பத் தொடங்கினால் அதற்கும் ஒரு வசனம் வைத்திருந்தார்.

"விட்டுப்போச்சுன்னா அழக்கூடாது. திரும்பப் போய்ப் பாத்துட்டு வந்து வரையணும்."

சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கிவிடும். பிள்ளைகளுக்கு அது தெரியாது. அதன் காரணம், கட்டின புருஷனுக்கும் தெரியாது.

டீச்சர் ஓய்வு பெறுகிற வருஷம் அது. தாள்கள் முப்பத்தொன்று சேர்ந்துவிட்டன. பீரோவின் மேல்தட்டில் சுருள் சுருளாக அடுக்கி, நாடா கட்டி வைத்திருந்தார். சில நாள் பள்ளி விட்ட பிறகு ஒன்றை எடுத்து மேஜையில் விரிப்பார். பழைய தாளுக்கு என்று ஒரு வாசனை, கிரேயான் மெழுகும் தூசியும் கலந்தது. அதை முகர்ந்தால் போதும், அந்த வருஷத்து முப்பது மூஞ்சியும் வரிசையாக வந்து நின்றுவிடும். எல்லா மரத்துக்கும் கண் வரைந்த பிள்ளை. பழுப்பு கிரேயானைத் தின்றுவிட்டு அடிமரத்தை ஊதாவில் தீட்டிய பிள்ளை. வடக்குக் குறியை அழகாக இருக்கிறதென்று நாலு மூலையிலும் போட்ட இரட்டைச் சகோதரிகள். முதல் தாளில் இருந்த பாத அச்சின் சொந்தக்காரர் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறார், அதே காலால்தான் பிரேக் போடுகிறார். எல்லாரும் எங்கே போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டே டீச்சர் நாடாவை மறுபடி கட்டுவார்.

அந்தச் சமயத்தில்தான் பள்ளிக் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினார்கள். பின்னால் இருக்கிற நிலத்தில் லாரிகள் நிறுத்த ஒரு பெரிய தளம் வரப்போகிறது, ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் தெரிவிக்கலாம். அங்கே மரம் இருப்பதை யாரும் மறுக்கவில்லை. சட்டம் அதைப் பார்க்கிற விதம்தான் வேறு. அரசாங்க வரைபடத்தில் பச்சையாக இருந்தால் அது காடு, கை வைக்க முடியாது. வெள்ளையாக இருந்தால் தரிசு, அதில் பிற்பாடு எத்தனை மரம் முளைத்தாலும் வெட்டிக்கொள்ளலாம். பள்ளிக்குப் பின்னால் இருக்கிற அந்தத் துண்டு, வரைபடத்தில் வெள்ளை.

தலைமையாசிரியை பயந்த சுபாவம், ஆனால் நல்ல மனுஷி. டீச்சரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். எதற்கு வம்பு என்று முதலில் இழுத்தவர், பிள்ளைகளின் முப்பத்தொரு தாளையும் ஆதாரமாகக் கொடுக்கலாமே என்று டீச்சர் சொன்னதும் ஒத்துக்கொண்டு ஆட்சேபக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். இருபது நாள் கழித்துப் பதில் வந்தது. புதன்கிழமை காலை ஒரு சர்வேயர் நேரில் வந்து விசாரிப்பார்.

செவ்வாய் ராத்திரி டீச்சர் தூங்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முப்பத்தைந்து வருஷம் பின்னால் போகவேண்டும்.

அப்போது டீச்சர், டீச்சர் இல்லை. வரைபட ஆபீஸில் வண்ணம் தீட்டுகிறவர். அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேஜைகள் வரிசையாக இருக்கும். களத்தில் அளந்தவர்கள் வரைந்து அனுப்பிய தாளைப் பார்த்து, எங்கே நீலம், எங்கே மஞ்சள், எங்கே பச்சை என்று ஒரு மாதிரித் தாளில் பிரஷால் தீட்டிக் கொடுக்கவேண்டும். அச்சகத்துக்கு அந்த மாதிரிதான் வேதவாக்கு. டீச்சருக்குக் காட்டுப் பகுதி ஒதுக்கியிருந்தார்கள். பச்சை கலப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. இத்தனைக்கும் அவர் அதுவரை ஒரு காட்டுக்குள் கால் வைத்ததில்லை, இரண்டாவது மாடி ஜன்னலில் தெரிந்த ஒற்றை மரத்தோடு சரி. ஆனால் அந்த ஆபீஸ் அவருக்கு அத்தனை பிடித்திருந்தது. எல்லாரும் வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற அமைதி, பதினொரு மணி டீ, பிரஷைக் கழுவுகிற தொட்டியில் நடக்கிற வம்பளப்பு. சரிபார்க்கிற அக்கா ஒருவர் இருந்தார். ஒவ்வொரு தாளையும் பார்த்துக் கையெழுத்துப் போடுவது அவர் வேலை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பயத்தில் சாயக்கிண்ணத்தைக் கவிழ்த்த டீச்சரை, யார் கண்ணிலும் படாமல் துடைத்துவிட்டுக் காப்பாற்றியவர் அந்த அக்காதான்.

ஒரு தாளில் எத்தனை காட்டுத் துண்டு இருக்கிறது என்று டீச்சர் ஒரு சீட்டில் எண் போட்டுக்கொள்வார். ஒரு துண்டைத் தீட்டப் போகும்போது முதலில் சீட்டில் டிக், பிறகுதான் பிரஷ். பிரஷ் எடுத்த பிறகு டிக் போட்டால் ஈரக்கையால் சீட்டெல்லாம் பச்சையாகிவிடும். சுத்தமான பழக்கம் என்று எல்லாரும் மெச்சிய பழக்கம் அது. அன்றைக்கு ஒரு தாளில் நாற்பத்து மூன்று துண்டு. நாற்பத்து இரண்டு முடிந்துவிட்டது. கடைசி ஒன்று, கீழ் மூலையில், கட்டைவிரல் நகமளவு. டிக் போட்டார், பிரஷை நனைத்தார். கீழே முற்றத்திலிருந்து ஆபீஸ் பையன் கூவினான், போட்டோக்காரர் வந்துவிட்டார், எல்லாரும் வாங்க என்று. வருஷத்துக்கு ஒரு முறை எடுக்கிற குரூப் போட்டோ. கிளம்புகிற அவசரத்தில் சொட்டின பச்சை விரலில் ஒட்டிக்கொண்டது. முன்வரிசை நாற்காலியில் அக்கா உட்கார்ந்தார், டீச்சர் அவருக்குப் பின்னால் நின்று நாற்காலியின் மேல் கையை வைத்துக்கொண்டார். யாரோ ஏதோ சொல்ல, எல்லாரும் சிரித்த நொடியில் போட்டோ விழுந்தது. அதற்கப்புறம் டீ, பிஸ்கட், அரட்டை. திரும்பி வந்து சீட்டைப் பார்த்தார். நாற்பத்து மூன்று டிக். தாளை அக்காவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தார். அக்கா சீட்டில் டிக்குகளை மட்டும் எண்ணிவிட்டு, "நீ டிக் போட்டா நான் பாத்த மாதிரிதான்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். டீச்சருக்குப் பெருமையில் அன்று முழுக்கத் தரையில் கால் பாவவில்லை.

மறுவருஷம் கல்யாணம். புருஷனுக்கு ரயில்வேயில் டிக்கெட் கவுண்டர் வேலை. அவர் இருந்த ஊரில் வரைபட ஆபீஸ் இல்லை. டீச்சர் பயிற்சியில் சேர்ந்து, இரண்டு வருஷம் படித்து, ஒரு பள்ளியில் வேலைக்குப் போனார். பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று அந்தப் பக்கத்து வரைபடம் ஒன்றை ஆசையாக வாங்கி வந்து விரித்தபோதுதான் பார்த்தார். அவருடைய தாள். அச்சாகி, மடிப்பு மடிப்பாக, அழகாக இருந்தது. கீழ் மூலையில் கட்டைவிரல் நகமளவு வெள்ளை.

சீட்டு, டிக், போட்டோக்காரர் எல்லாம் ஒரே நொடியில் ஞாபகம் வந்தது. ஆபீஸுக்கு மூன்று முறை கடிதம் எழுதினார், மூன்று முறையும் கிழித்துப் போட்டார். சரிபார்த்த கையெழுத்து அக்காவுடையது. அக்காவுக்கு ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான் இருந்தது. தன் தப்புக்கு அந்த மனுஷி பதில் சொல்வதா? சரி, காட்டை வெள்ளையாக விட்டால் மரங்களுக்கு என்ன குறைந்துவிடப் போகிறது என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டார். ஆனால் மனசு கேட்கவில்லை. அந்த மூலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி இருந்தது. பஸ் நிற்கிற இடத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் நடக்கவேண்டும், அதனால் யாரும் விரும்பாத பள்ளி. டீச்சர் அங்கே மாற்றல் கேட்டார். கேட்டவர்களெல்லாம் இவருக்குப் பித்துப் பிடித்துவிட்டதா என்று பார்த்தார்கள். சேர்ந்த முதல் நாளே பின்கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனார். அவர் வாழ்க்கையில் கால் வைத்த முதல் காடு அது. அண்ணாந்து பார்த்தார். நகமளவு என்று நினைத்ததற்கு முடிவே தெரியவில்லை. அழுகையும் வந்தது, இத்தனை அழகா என்று சிரிப்பும் வந்தது.

அக்கா பிற்பாடு ஓய்வு பெற்று, பத்து வருஷம் கழித்து இறந்தும் போனார். சாவுக்குப் போன டீச்சர் அப்போதும் வாயைத் திறக்கவில்லை. சொல்லாமல் விட்டது நாளாக ஆகக் கெட்டியாகிவிட்டது. அந்தக் குரூப் போட்டோவை மட்டும் கூடத்தில் மாட்டி வைத்திருந்தார். அதில் எல்லாரும் இளசாக, வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமும் வரும், குற்ற உணர்வும் வரும். எது முதலில் வரும் என்று சொல்ல முடியாது.

புதன்கிழமை காலை புருஷன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே கூடத்துச் சுவரைப் பார்த்தார். வெறும் ஆணிதான் இருந்தது. போட்டோ எங்கே என்று கேட்டார். சட்டம் விட்டுப்போயிருக்கிறது, சரி செய்யக் கொண்டுபோகிறேன் என்றார் டீச்சர். "உன் காட்டுக்கும் உனக்கும்தான் கல்யாணம் பண்ணி வச்சிருக்கணும், நான் குறுக்க வந்துட்டேன்" என்று புருஷன் வழக்கமான கிண்டலைச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். டீச்சர் போட்டோவைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார். அதை வெளியே எடுப்போமா என்று அவருக்கே இன்னும் தெரியவில்லை.

சர்வேயர் நடுத்தர வயசு, நிதானமான ஆள். கேலி செய்யப்போகிறார் என்று எதிர்பார்த்திருந்த தலைமையாசிரியைக்கு ஆச்சரியம். முப்பத்தொரு தாளையும் ஒன்றுவிடாமல் விரித்துப் பார்த்தார். ஸ்கூட்டர் கதையைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு முதல் வருஷத்துத் தாளைத் தனியாக எடுத்து, இந்தத் தப்படி யாருடையது என்று கேட்டார். வெளியே காத்துக்கொண்டிருந்த வேன் டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு, பரிசு வாங்கப் போகிறவர் போல உள்ளே வந்தார்.

தொட்டியிலிருந்து எல்லைக்கல் வரை டேப் வைத்து அளந்தார்கள். தொண்ணூறு மீட்டர். தாளில் இருநூறு தப்படி. ஆக ஒரு தப்படி நாற்பத்தைந்து சென்டிமீட்டர். எல்லைக்கல்லிலிருந்து பெரிய மரத்துக்குத் தாளில் முந்நூற்று நாற்பது தப்படி. சர்வேயர் கணக்குப் போட்டார், நூற்று ஐம்பத்து மூன்று மீட்டர் வரவேண்டும். டேப்பைப் பிடித்துக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். பின்னால் இந்த வருஷத்து முப்பது பிள்ளைகளும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, இரண்டு நிமிஷ அமைதியைக் கேட்காமலே கடைப்பிடித்துக்கொண்டு வந்தார்கள். நூற்று ஐம்பத்தோராவது மீட்டரில் டேப் அடிமரத்தைத் தொட்டது.

ரெண்டு மீட்டர் கூடுதலாக நடந்திருக்கிறாரே என்று சர்வேயர் சொன்னதும், நடுவில் ஒரு அணில் ஓடியது, அதைப் பார்க்கக் கொஞ்சம் தள்ளிப் போனேன் என்றார் டிரைவர். முப்பத்தொரு வருஷத்து அணில் அவருக்கு அத்தனை நன்றாக ஞாபகம் இருந்தது.

பிள்ளைகள் மரத்தைச் சுற்றிக் கைகோத்தார்கள். நாலு பேர் போதவில்லை. ஐந்தாவதாக இந்த வருஷத்து அளவுப் பிள்ளை வந்து சேர்ந்தது. முன்பல் இரண்டு விழுந்த, வகுப்பிலேயே சின்ன உருவம். பொடிசு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். பொடிசு கை கொடுத்ததும் வட்டம் மூடிக்கொண்டது. சர்வேயர் கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். வரைபடத்துக்காக இந்த நிலத்தை அளந்து ஐந்து வருஷத்துக்குள் பிள்ளைகள் இதே மரத்தை நாலு பேர் சுற்றளவு என்று எழுதியிருக்கிறார்கள். ஐந்து வருஷத்தில் ஒரு மரம் இந்தப் பருமன் வராது. அது அவருக்குத் தெரிந்தது. இருந்தாலும் பையிலிருந்து பழைய மாதிரித் தாளின் நகலை எடுத்து விரித்தார்.

களத்தில் வரைந்த மூலத்தாள் ஆபீஸ் இடம் மாறியபோது நனைந்து வீணாகிவிட்டது, இது ஒன்றுதான் மிச்சம் என்றார். கீழ் மூலையில் அந்த வெள்ளை. ஓரத்தில் வண்ணம் தீட்டியவரின் இனிஷியல், தேதி. அதற்குக் கீழே சரிபார்த்தவரின் கையெழுத்து.

"நான் நம்புறேன் மேடம். ஆனா மேல கேப்பாங்க. தீட்டினவங்க ஒருத்தர், சரிபாத்தவங்க ஒருத்தர். ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு காட்டையே கோட்டை விட்டிருப்பாங்க? அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. பதில் இல்லாம நான் எழுதினா நிக்காது."

தலைமையாசிரியை டீச்சரைப் பார்த்தார். டீச்சர் தாளின் ஓரத்தைப் பார்த்தார். அக்காவின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் கொஞ்சம் மேலே ஏறி, அப்படியே இருந்தது. பார்த்ததும் அந்தக் குரல் காதில் கேட்டது. முப்பது பிள்ளைகள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வேன் டிரைவர் நிற்கிறார். இத்தனை வருஷம் எதையும் விடாமல் வரை என்று சொல்லிக்கொடுத்த வாய் இது. இவர்கள் முன்னால் எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் அடுத்த வருஷம் இந்த இடத்தில் லாரி நிற்கும்.

"ரெண்டு பேர் இல்ல சார், ஒருத்திதான்" என்றார். "அந்த இனிஷியல் என்னுது."

சர்வேயர் தலையை நிமிர்த்தினார். டீச்சர் பையைத் திறந்து துண்டை அவிழ்த்தார். போட்டோவின் அடியில் அச்சடித்திருந்த தேதியையும், தாளின் ஓரத்துத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். இரண்டும் ஒரே நாள். பிறகு நாற்காலிமேல் வைத்திருந்த தன் கையைக் காட்டினார். கறுப்பு வெள்ளைப் போட்டோவில் மூன்று பேர் கை தெரிந்தது. ஒரு கையில் மட்டும் இரண்டு விரல் நுனி மை தொட்ட மாதிரி கறுத்திருந்தது. டிக்கை முன்னால் போடுகிற பழக்கத்தையும், கூப்பிட்ட குரலுக்குப் போனதையும், திரும்பி வந்து சீட்டை மட்டும் பார்த்ததையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஒரு சொல்லையும் விடவில்லை.

"சரிபாத்தவங்க மேல தப்பு இல்ல. அவங்க என்னை நம்பினாங்க. நம்பினதை நான்தான் கெடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல எனக்குத் தெரியும். யார்கிட்டயும் சொல்லல."

தலைமையாசிரியை மெல்ல வந்து டீச்சரின் தோளில் கையை வைத்தார். சர்வேயர் ஒரு வேரின்மேல் உட்கார்ந்து, தொடையில் அட்டையை வைத்துக்கொண்டு, டீச்சர் சொன்னதை அப்படியே எழுதினார். படித்துக் காட்டினார். டீச்சர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே சர்வேயர் தன் குறிப்பை எழுதினார். இந்தத் துண்டு காடு, வண்ணம் தீட்டுகையில் விடுபட்டது, திருத்தவேண்டும். மேலே முடிவாக இரண்டு மாதம் பிடிக்கும், அதுவரை ஒரு கிளையைக்கூட யாரும் தொட முடியாது என்றார். போகும்போது டீச்சருக்கு ஒரு வணக்கம் வைத்தார். கோபமோ கேலியோ அதில் இல்லை.

சர்வேயர் எழுந்த அதே வேரில் டீச்சர் உட்கார்ந்துகொண்டார். பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. என்ன புரிந்ததோ, என்ன புரியவில்லையோ. வீட்டில் போய் எங்கள் டீச்சர் தப்புப் பண்ணிட்டாங்க என்று சொல்வார்கள். சொல்லட்டும், அதுவும் உண்மைதானே என்று நினைத்தார். புருஷனிடம் சாயங்காலம் முதலில் தானே சொல்லிவிடவேண்டும் என்றும் நினைத்தார்.

பொடிசு கயிற்றின் முடிச்சை விட்டுவிட்டு வந்து முன்னால் நின்றது. போட்டோவை உற்றுப் பார்த்தது, விரல் வைத்து டீச்சரைக் கண்டுபிடித்தது. பிறகு கேட்டது.

"டீச்சர், நீங்க வரைய விட்டுப்போச்சா?"

"ஆமா கண்ணு, விட்டுப்போச்சு."

"விட்டுப்போச்சுன்னா திரும்பப் போய்ப் பாக்கணும்ல. நீங்க திரும்ப வந்து பாத்தீங்களா?"

டீச்சர் அண்ணாந்து நாலு பிள்ளை மரத்தைப் பார்த்தார். இத்தனை வருஷம் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கண்ணுக்கு வந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

"பாத்தேன்" என்றார். "வருஷா வருஷம் வந்து பாத்தேன். உங்களையெல்லாம் கூட்டிக்கிட்டுதான் வந்தேன்."

அது சரி என்பது போலப் பொடிசு தலையாட்டிவிட்டு, ஓடிப்போய்த் தன் முடிச்சைப் பிடித்துக்கொண்டது.